சோக்கில் கட்டிய மணி

ஆகஸ்ட் 22, வெள்ளி

பகல் முழுக்கப் புழுக்கம். சாயந்திரம் நாலு தூறல், அவ்வளவுதான். கெமி. டெஸ்ட் சுமார்.

தங்கச்சி தூங்கின பிறகு எழுதுகிறேன். யாராவது எழுந்தால் நோட்டு தலையணைக்குள். அப்பா கண்ணில் பட்டால் தொலைந்தேன்.

வண்டி இன்றும் கரும்புகை. அப்பாவின் வெள்ளை காண்டசா கார், என்னைவிட வயதில் ரொம்பப் பெரியது. மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் வேண்டும் என்று கடலூரில் தேடி வருவார்கள். வந்தார்கள், ஆனி மாதம் வரை. சிதம்பரம் தெற்கு வீதி, மேளம், வாணவேடிக்கை, நடுவில் வண்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளை உள்ளே. பையன்கள் தள்ளினார்களாம். "மாப்ள, நீயும் எறங்கித் தள்ளு, பொண்ணு காத்துக்கிட்டு கெடக்கு" என்று ஒருவன். அப்பா வந்து சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். அப்பா அன்று சாப்பிடவில்லை.

வரும் வியாழன் மறுபடி சிதம்பரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அதே வீதிகள். இதிலும் நின்றால் வண்டியை விற்றுவிட்டு குவைத்துக்கு டிரைவராகப் போகிறாராம். ஏஜென்ட்டிடம் பேசியாயிற்று. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

போகக் கூடாது.

ஆகஸ்ட் 23, சனி

வெயில். துணி சீக்கிரம் காய்ந்தது.

செல்வம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, செம்மண்டலத்தில் கார் பட்டறை. பிளக் நாலும் கரி. "ரிச்சா ஓடுது மாமா. காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி" என்று அப்பாவிடம் சொன்னார். புகையைப் பார்த்தே எனக்குத் தெரியும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை நன்றாக இறுக்கினார். பட்டுப் போல ஓடியது. டீ, இரண்டு முறுக்கு, கிளம்பிவிட்டார்.

அப்பா மஞ்சக்குப்பம் வரை ஓட்டிப் போய் வந்தார். திரும்பும்போது மறுபடி புகை.

எப்போதும் இதே கதை. மாமா கை வைத்தால் சரி, அப்பா ஓட்டினால் புகை. ஓட்டுகிற விதம் சரியில்லை என்று போனில் மாமா சொன்னார் போல. "உங்கக்கா கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னாலேருந்து ஓட்டுறேன்டா" என்று அப்பா கத்தினார்.

கார்புரேட்டரே கெட்டிருந்தால் மாமாவுக்கும் புகைய வேண்டும். புகையவில்லை. அப்பாவிடம் இருக்கும்போது மட்டும் ஏதோ ஒன்று மாறுகிறது. எது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். சந்தேகமே இல்லை.

காலையில் அப்பா இஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசப் போய்விட்டார். உள்ளே துடைக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. துடைத்தேன். டேஷ்போர்டில் சோக் குமிழ். அதில்தான் அப்பா திருவதிகை கோயிலில் பூஜை போட்ட வெண்கல மணியைக் கட்டியிருக்கிறார், சித்திரையில். ஆனியில் வண்டி நின்ற பிறகு கூடவே ஒரு தாயத்து, ஒரு எலுமிச்சை. நல்ல கனம். குமிழிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் கேபிள் பழசு. வண்டி குலுங்கக் குலுங்கக் குமிழ் தானாக வெளியே வருகிறது, கட்டைவிரல் அகலத்துக்கு. வந்தால் கார்புரேட்டரில் காற்று வரும் வழியைத் தகடு பாதி மூடிவிடும். காலையில் இஞ்சின் கிளம்ப மட்டும்தான் அந்தத் தகடு வேண்டும்.

உள்ளே தள்ளினேன், புகை இல்லை. விட்டேன், புகை. மறுபடி தள்ளினேன்.

மாமா வேலை பார்க்கும்போது மணி சத்தம் பிடிக்காமல் கழற்றி சீட்டில் வைப்பார். குமிழைத் தள்ளிவிடுவார். அப்பா வந்ததும் முதல் வேலையாகத் திரும்ப மாட்டுவார். அதனால்தான்.

அப்பாவிடம் சொல்ல முடியாது. சாமி மணியால் வண்டி நிற்கிறது என்று யார் சொல்வது? போன வருஷம் பானெட்டைத் திறந்ததற்கே அறை. "வயசுப் பொண்ணுக்கு இஞ்சின்ல இன்னாடி வேல?" மாமாவிடம் சொன்னால் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

மணி அங்கேயே தொங்கட்டும். கேபிளின் மறுமுனை கார்புரேட்டரில் ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. அதைத் தளர்த்தினால் போதும். மணி என்ன இழுத்தாலும் தகடு அசையாது. கடலூர் வெயிலுக்கு சோக் எதற்கு?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. மேகமூட்டம்.

அப்பா பிள்ளையார் வாங்கக் கடைத்தெருவுக்கு. அம்மா கொழுக்கட்டையில் மும்முரம். தங்கச்சி தெருப் பந்தலில். பானெட்டைத் திறந்தேன். எங்கே தொட வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. கேபிள் தளர்ந்தது.

அடுத்து மிக்சர் ஸ்க்ரூ. புகையைப் பார்த்து மாமா அதை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார், ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் பட்டுப் போல ஓடும். இப்போது அப்படியே விட்டால் பெட்ரோல் பற்றாமல் நிற்கும். அதுவும் ஊர்வலத்தில், ஊர்ந்து போகும்போது. இஞ்சினை ஓடவிட்டுத் திறக்க வேண்டும். பந்தல் ஸ்பீக்கர் அலறியதால் வீட்டில் கேட்கவில்லை. ஆனால் எனக்கும் இஞ்சின் கேட்கவில்லை. சத்தத்தை வைத்துத்தான் மாமா பார்ப்பார்.

டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து மட்கார்டு மேல் வைத்தேன், இஞ்சின் நடுங்கினால் தண்ணீர் காட்டும். ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். தண்ணீரில் அலை குறைந்தது. இன்னும் திறந்தேன், மறுபடி கூடியது. கால் சுற்று பின்னால் திருப்பினேன். கிட்டத்தட்ட அசையாமல் நின்றது தண்ணீர். முழுக்க இறுக்கின இடத்திலிருந்து இரண்டே கால் சுற்று.

கையை சோப்பில் மூன்று தடவை கழுவினேன். கொழுக்கட்டை தின்னும்போதும் பெட்ரோல் வாசனை. அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொன்று வைத்தாள்.

கணக்கு தப்பில்லை. தெரியும். இருந்தாலும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பள்ளியில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இயற்பியல் மிஸ் பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் கேட்கவில்லை, வெளியே நிற்கவைத்தார்.

அப்பா புறப்பட்டபோது வழக்கம்போல சோக்கை இழுத்தார். குமிழ் சும்மா வந்தது, அவருக்குத் தெரியவில்லை. ஆக்சிலேட்டரில் இரண்டு மிதி, கிளம்பிவிட்டது.

ஒன்பது மணி வாக்கில் போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். நாலு வீதியும் சுற்றியாயிற்றாம். தெற்கு வீதியில் நாதஸ்வரக்காரர் ஒரே இடத்தில் நின்று ரொம்ப நேரம் வாசித்தாராம். "மேளம் நின்னுச்சு, கூட்டம் நின்னுச்சு, இஞ்சின் நிக்கல" என்றார். அவர் குரல் அப்படி ஒலித்துப் பல மாதம்.

எல்லாம் சாமி புண்ணியம் என்றார். இருக்கட்டும். எனக்கு அப்பா இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 30, சனி

காலையில் நல்ல மழை.

செல்வம் மாமா வந்து பானெட்டைத் திறந்தார். கேபிள் கழன்று கிடப்பதைப் பார்த்துவிட்டார். வேறு யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். உன்னைத் தவிர யாரும் கை வைக்கவில்லை என்றார் அப்பா. மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்றைக்கே தான்தான் கழற்றிவிட்டதாகக் கதை விட்டார். அப்பா அவர் முதுகில் தட்டி, "மச்சான், நீ தொழில்காரன்டா" என்றார்.

நான் காபியோடு நின்றேன். சொல்லவில்லை. பேரை மாமாவே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் மைலேஜ் பிய்த்துக்கொண்டு போகுமாம்.

"அதத் தொடாதீங்க மாமா. ரெண்டே கால் சுத்து வெச்சிருக்கேன்."

என் வாய்தான் சொன்னது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அப்பா கிட்டே வந்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மெதுவாக, "கேபிள ஏன் கழட்டுன?" என்றார்.

"மணி இழுக்குதுப்பா."

காரில் ஏறி இஞ்சினை ஓடவிட்டார். குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்தது, அவர் கண்ணெதிரே, கொஞ்சம் கொஞ்சமாக. அணைத்தார். மணியைத் தானே அவிழ்த்தார். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் இறங்கி நின்றார். ஸ்க்ரூ டிரைவரையும் மாமாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கையிலும் சாமான்.

"யாருன்னு பாரு பாப்பா."

எடுத்துப் பார்த்தேன். ஏஜென்ட்.

"குவைத்துக்காரருப்பா. பேசுறீங்களா?"

"அடிக்கட்டும்" என்றார்.