மூன்று விரல் நுழையும் வாய்

ஜூன் 12, 2025, வியாழன்

பேத்தி அன்புச்செல்விக்கு ராசிபுரம் பேங்க்கிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் கொடுத்த டைரியில்தான் இதை எழுதுகிறேன். சித்தார்த் நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக் காலேஜில் ஒரு பாடம் கூட விடாமல் இரண்டாம் வருடமும் தேறிவிட்டான். இளவழகன் சத்தீஸ்கரில் போர்வெல் வண்டிக்கு ஆபரேட்டர் ஆகிவிட்டான். போன வருடம் வரைக்கும் துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு தூக்கிக்கொண்டிருந்தவன், இருபத்து நாலு வயதில் ஆபரேட்டர்! முதலாளி கந்தப்பனே போனில் சொன்னார்: "உங்க பேரன் நிறுத்துன எடத்துல தண்ணி வராம இருக்கறதில்லீங்கம்மா."

மூன்றையும் பக்கத்து வீட்டு ராசம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். "போன வாரமே சொன்னியே அத்தாயி" என்றாள். சொன்னால் என்ன? இன்னொரு தடவை கேட்கட்டும். அவள் மடித்துக் கொடுத்த வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

ஹால் சுவரில் மூன்று பேரப்பிள்ளைகளின் படமும் இருக்கிறது. இளவழகன் படம்தான் கம்பீரம். வண்டிக்கு முன்னால் கை கட்டி, உதட்டை இறுக்கி மூடி, போலீஸ்காரன் மாதிரி நிற்கிறான். மற்றது இரண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஜூன் 20, வெள்ளி

மருமகள் கோகிலவாணி மிளகாயை அள்ளிக் கொட்டுகிறாள். இன்று புளிக்குழம்பு வாயில் பட்டதும் நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது. கேட்டேன்.

"ஏனுங்க அத்தை, எப்பவும் போடறதுதான் போட்டேன். உங்க மகனைக் கேளுங்க."

மகன் தனசேகர் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

எரிச்சலுக்குப் புகையிலைதான் மருந்து. கூட ஒரு துண்டு கிள்ளி இடது கன்னத்தில் ஒதுக்கினேன். மரத்துப்போயிற்று. சுகம்.

ஜூன் 28, சனி

இன்றும் தயிர்ச்சோறுதான். ஊறுகாயைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 5, சனி

வெண்ணந்தூர் பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம். ஆடுகிற பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ராசம்மாளோடு போனேன். டாக்டர் ரஞ்சிதா என்று ஒரு பெண். அன்புச்செல்வி வயதுதான் இருக்கும். வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தவள் பல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

"இந்த எடது கன்னத்துலதானே போயிலை ஒதுக்குவீங்க?"

இவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஒன்றும் சொல்லவில்லையே.

கண்ணாடி பிடித்துக் காட்டினாள். பாலாடை காய்ந்து ஒட்டினதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு. சுரண்டினாலும் போகாதாம். "உங்க மூணு வெரலைச் சேர்த்து நெட்டுவாக்குல வாய்க்குள்ள வையுங்கம்மா" என்றாள். கொஞ்சம் சிரமப்பட்டுப் போயிற்று. நல்ல வாய்க்கு மூன்று விரல் சுலபமாகப் போகவேண்டுமாம்.

"காரம் எரியுதுங்களா?"

"மருமக அள்ளிக் கொட்றா. எரியாம என்ன பண்ணும்?"

"பாவம், மருமகளை உட்ருங்க. உங்க பாக்கும் போயிலையும்தான் எரிக்குது."

புற்றா என்று கேட்டேன். பார்த்தால் தெரியாதாம். அவள் வேலை பார்க்கிற சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் துளி சதை எடுத்துப் பரிசோதித்துச் சொல்வார்களாம்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ராசம்மாளிடம், பல் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாள் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

எங்கள் அம்மா சாகிற வரைக்கும் வெற்றிலை போட்டாள். அவளுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கடைசி வருடம் கஞ்சிதான் குடித்தாள். ஏன் கஞ்சி மட்டும் குடித்தாள்?

சேலத்துக்குப் போகப்போவதில்லை.

ஜூலை 19, சனி

இளவழகன் வந்துவிட்டான்! வடக்கே மழை, வண்டி ஓடாது. ஆயுத பூசை வரைக்கும் இங்கேதான். ஆள் இளைத்திருக்கிறான். அவனுக்குப் பிடித்த ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் நானே செய்தேன். முன்பெல்லாம் எலுமிச்சங்காய் அளவு உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவான். இன்று சுண்டைக்காய் அளவு கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டான். குழம்பைத் தொடவே இல்லை, மோர் கேட்டான்.

சப்பாத்தி தின்று பழகிவிட்டது, நம் களி பிடிக்கவில்லை போல. மனசு சுருக்கென்றது.

ஜூலை 20, ஞாயிறு

சப்பாத்தி இல்லை. சப்பாத்தி இல்லை.

காலையில் அவன் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். வாய் பாதிகூடத் திறக்கவில்லை. கூப்பிட்டேன்.

"வாயைத் தொற சாமி."

"எதுக்குங் அப்பத்தா?"

"தொறடான்னா. மூணு வெரலை வை."

சிரித்துக்கொண்டே வைத்தான். மூன்று போகவில்லை. இரண்டும் நகத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் அவன் சிரிக்கவில்லை. உள்ளே கன்னமெல்லாம் வெளுத்து, பல்லெல்லாம் காவி ஏறி... சட்டைப் பையில் கை விட்டேன். பாக்கும் புகையிலையும் கலந்த பாக்கெட்டு, சரம் சரமாக.

"ராத்திரி பூரா போர் ஓடும் அப்பத்தா. ஒண்ணை ஒதுக்குனாத்தான் கண்ணு மூடாது. வண்டிக்குப் போன நாள்லருந்து இதுதான். அரிசி பருப்போட இதையும் சேத்தித்தான் வண்டியில ஏத்துவாங்க."

"உட்ரு சாமி."

"நீங்க மொதல்ல உடுங்க பாக்கலாம். உங்க சுருக்குப்பையை எடுத்து வையுங்க, நானும் வெக்கறேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். முகாமில் பார்த்த திட்டைப் பற்றி அவனிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. "நாளைக்கே சேலம் போலாங். ரெண்டு பேருமே காட்டலாம்" என்றான்.

சாயங்காலம் ஹாலில் அவன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பீரமாவது ஒன்றாவது. என் பேரன் பல்லை மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

ஜூலை 21, திங்கள்

சேலம் போய் வந்தோம். கன்னத்தில் ஊசி போட்டு, துளி சதை எடுத்தார்கள். வலி பெரிதில்லை. பத்து நாளில் முடிவு சொல்வார்களாம்.

ஜூலை 26, சனி

வெற்றிலைச் சுருக்குப்பை அரிசிப் பானைக்குள் இருக்கிறது. நான்தான் போட்டேன். வாய் நமநமவென்று இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

இன்று யாரோடும் பேசவில்லை. பேசினால் சண்டை வருகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எனக்குப் புற்று இல்லை.

மாரியாத்தாளுக்கு மாவிளக்கு வேண்டியிருந்தேன். ஆனால் டாக்டர் ரஞ்சிதா என்னைச் சிரிக்க விடவில்லை. இப்போது இல்லை, போட்டுக்கொண்டே இருந்தால் இந்தத் திட்டு அப்படி மாறலாம் என்றாள். நான் பேரம் பேசினேன்.

"போயிலையை உட்டர்றேன். வெறும் வெத்தலை பாக்கு?"

"பாக்குதாம்மா வாயை இறுக்கறதே."

"பாக்கில்லாத வெத்தலையை ஆடுதான் திங்கும்."

"அப்ப ஆட்டுக்கே குடுத்துருங்க" என்றாள். கெட்டிக்காரி.

இளவழகனுக்குத்தான் சங்கதி மோசம். கன்னத்துக்குள் சதை கயிறு கயிறாக இறுகிப்போயிருக்கிறது. அந்தப் பாக்கெட்டு என் வெற்றிலையைவிடப் பொல்லாததாம். பழைய வாய் முழுசாகத் திரும்ப வராது என்று அவன் முன்னாலேயே சொல்லிவிட்டாள். விடாமல் போட்டால் ஸ்பூன் கூட நுழையாத காலம் வரும், புற்றும் வரலாம். இன்றோடு விட்டு, பயிற்சி செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

"எவ்வளவுங்க டாக்டர் தொறக்கும்?" என்று கேட்டான். குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

"அது உங்க கையிலதான் இருக்கு."

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைத் திறந்து பாக்கெட்டுச் சரத்தை வெளியே எறியப் போனான். "ரோட்ல எறியாதே, ஆடு மாடு தின்னுறும்" என்று பிடுங்கி, வீட்டுக்குக் கொண்டு வந்து அடுப்பில் போட்டேன். என் சுருக்குப்பையும் அதிலேயே போயிற்று. அந்தப் பை என் அம்மா கொடுத்தது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பயிற்சி இதுதான். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பழகினதும் இன்னொரு குச்சி சேர்க்க வேண்டும். அவன் மட்டும் செய்தால் கூச்சப்படுகிறான் என்று நானும் எதிரில் உட்கார்ந்து செய்கிறேன். இரண்டு பேருக்கும் எச்சில் ஒழுகுகிறது, பேச முடிவதில்லை.

"அத்தையும் பேரனும் ஐஸ் கடை வெச்சுட்டாங்க" என்கிறாள் கோகிலவாணி. வாயில் குச்சியோடு அவளைத் திட்டினேன். ஒன்றும் புரியவில்லை என்று இன்னும் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு குச்சி கூடியிருக்கிறது!

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆட்டையாம்பட்டியில் கல்யாணம். சாப்பிட்டு எழுந்ததும் தாம்பூலத் தட்டு. கை என் பேச்சைக் கேட்கவில்லை. ராசம்மாள் பழக்கதோஷத்தில் புகையிலையும் வைத்து மடித்து நீட்டினாள். போட்டுக்கொண்டேன். என்ன ருசி! ஐயோ, என்ன ருசி!

பஸ் ஸ்டாண்டில் இளவழகன் பக்கத்தில் வந்து நின்றான். மூக்கைச் சுளித்தான். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"செரிங் அப்பத்தா. அப்ப நானும் ஒண்ணு போட்டுக்கறேன்."

நேரே பெட்டிக் கடையைப் பார்த்து நடந்தான். கையை நீட்டிவிட்டான். கடைக்காரன் சரத்திலிருந்து கிழிக்கிறான். நான் ஓடினேன். இந்த வயதில் சேலை தடுக்க ஓடி, அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அங்கேயே குழாயடியில் எல்லாவற்றையும் துப்பி, வாயைக் கொப்பளித்தேன். கொப்பளித்துக்கொண்டே இருந்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

நிமிர்ந்தால், கையில் கோலி சோடாவோடு நிற்கிறான். கண் கலங்கியிருந்தது.

"நெசமாலுமே வாங்கியிருப்பியா சாமி?"

"தெரியலீங் அப்பத்தா."

அந்தப் பதில்தான் என்னை உலுக்கிவிட்டது. இனி என் வாய் என் வாய் மட்டுமில்லை.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூசை. இன்று வண்டி கிளம்பிவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். கந்தப்பனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இனி மளிகைச் சாமானோட அந்தப் பாக்கெட்டு ஏறக் கூடாதுங்க."

"தூக்கத்துல ராடுல கையைக் குடுத்துட்டா என்ன பண்றதுங்கம்மா? பொழப்பு அப்படி."

"தூக்கம் வந்தா தூங்கோணும். ஆளை மாத்தி மாத்தி உடுங்க. தண்ணி எங்கீங்க ஓடிப்போகுது? பூமிக்குள்ளதானே கெடக்குது?"

தலையைச் சொறிந்தார். பார்க்கலாம் என்றார். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? தெரியவில்லை. பாக்குக்குப் பதிலாக ஒதுக்கிக்கொள்ள, உலர்ந்த நெல்லிக்காயும் சோம்பும் டப்பாவில் போட்டு இளவழகனிடம் கொடுத்தேன். ராகி மாவும் ஐஸ் குச்சிக் கட்டும் வைத்தேன். லாரி தெரு திரும்பும் வரைக்கும் நின்றேன். இனி அவனை யார் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள்?

நவம்பர் 9, ஞாயிறு

ஞாயிறானால் வீடியோ கால். மற்ற பேச்செல்லாம் அப்புறம், முதலில் வாய். "இன்னும் தொற, வெளிச்சத்துக்கு வா" என்று நான் சொல்ல, பின்னாலிருந்து வண்டிக்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். இன்று டிரைவர் சின்னராஜ் போனைப் பிடுங்கி, "ஆயா, எனக்கும் பாருங்க" என்று வாயைத் திறந்தான். பார்த்தேன். "நீ வெளையாடாதே. ஊருக்கு வந்ததும் டாக்டர்கிட்டப் போ" என்றேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "போறேனுங் ஆயா" என்றான்.

கந்தப்பன் ராத்திரிக்கு ஒரு ஆள் கூடப் போட்டிருக்கிறாராம். பாக்கெட்டை அவர் வாங்குவதில்லை. வேண்டுமென்கிறவன் தானே வாங்கிக்கொள்கிறான்.

"நீ?"

"நெல்லிக்கா தீந்துபோச்சுங் அப்பத்தா. அனுப்புங்க."

டிசம்பர் 15, திங்கள்

சேலம். என் கன்னத்துத் திட்டு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. டாக்டர் ரஞ்சிதா கண்ணாடி பிடித்துக் காட்டி, "இது யாரு வாயிங்கம்மா?" என்றாள். இன்னும் மூன்று மாதத்தில் வரவேண்டும், கவனம் விடக்கூடாது.

மத்தியானம் கோகிலவாணி புளிக்குழம்பு ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு மொளகா போட்டிருக்கலாம்" என்றேன்.

"ஏனுங்க அத்தை!" என்று இடுப்பில் கை வைத்தாள். தனசேகர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். பார்க்கவேண்டிய அதிசயம்தான்.

ஜனவரி 16, 2026, வெள்ளி

மாட்டுப் பொங்கல். இளவழகனுக்கு லீவு இல்லை. வண்டி ஓரத்திலேயே அடுப்பு மூட்டிக் களி கிண்டியிருக்கிறான். போனைச் சின்னராஜிடம் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தான். பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும், உருட்டினான், குழம்பில் தோய்த்தான், வாய்க்குள் போட்டு விழுங்கினான். எலுமிச்சங்காய் இல்லைதான். ஆனால் சுண்டைக்காயும் இல்லை. அப்புறம் விரல்களைச் சேர்த்துக் காட்டினான். இரண்டு விரல் நன்றாகவே போகிறது, மூன்றாவது நுனி தொடுகிறது.

எல்லாரும் கைதட்ட, வாயைத் திறந்து சிரித்தான். பல்லில் கொஞ்சம் காவி இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

போனை வைத்ததும் ஹாலில் அந்தக் கம்பீரமான படத்தைக் கழற்றிவிட்டேன். பிரேம் காலியாக நிற்கிறது. ராசம்மாள் வந்து, "ஏன் கழட்டிட்டே?" என்றாள். அன்புச்செல்வியிடம் சொல்லி இளவழகனுக்குப் போனில் இப்படி எழுதி அனுப்பவேண்டும்:

சாமி, புதுசா ஒரு படம் எடுத்து, பெரிசாக் கழுவி, தபால்ல அனுப்பு. போனுக்குள்ள இருந்தா சொவத்துல மாட்ட முடியாது. வண்டி தெரியாட்டிப் பரவாயில்ல. பல்லுத் தெரியோணும்.