வண்டிக்குப் பாஸிங் கிடைத்துவிட்டது

தாபோடி, பூனா – 12
2 ஜூன் 1999

அன்புள்ள பார்கவிக்கு அம்மா எழுதுவது,

இங்கே அப்பா, நான், விச்சு மூன்று பேரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது உங்கள் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் போன் ஹாலில் இருக்கிறது, அதன் பக்கத்தில் அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மணி அடித்தால் அவர்தான் எடுக்கிறார். நல்ல வேளையாக எதிர் பில்டிங் ராஜி வெள்ளிக்கிழமை உங்கள் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறாள். ஆவக்காய், நீ கேட்ட கோடா மசாலா, இந்தக் கடிதம் மூன்றையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மசாலாவை உடனே டப்பாவில் கொட்டி வை, ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும்.

அப்பா ஸ்கூலுக்கு ஓட்டும் நம் மெட்டடார் வேனுக்கு வருஷா வருஷம் ஸ்கூல் திறக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பாஸிங் எடுப்பது உனக்குத் தெரியும். வண்டி ஓடலாம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்காமல் பிள்ளைகளை ஏற்ற முடியாது. இந்த வருஷமும் அப்பா வண்டியைக் கழுவித் துடைத்து, விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்து, மஞ்சள் பட்டைக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்தார். நான் வழக்கம்போல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பாஸ் ஆனதும் உடைக்கத் தேங்காயையும் பையில் போட்டுக்கொண்டு கூடவே போனேன். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் பிரேக். வண்டி ஒரு வேகத்தில் வர வேண்டும், இன்ஸ்பெக்டர் கையைத் தூக்குவார், உடனே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். நான் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்றிருந்தேன். அவர் கையைத் தூக்கினார், வண்டி வந்துகொண்டே இருந்தது. அவர் கையை ஆட்டினார், அப்போதும் வந்துகொண்டே இருந்தது. அவர் ஒதுங்கிய பிறகுதான் அப்பா பிரேக் போட்டார், போட்ட இடத்தில் வண்டி நின்றது. காகா, ஹாத் திகா நஹி க்யா, கை தெரியவில்லையா என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா இறங்கி வந்து, பிரேக் டீலா ஹை சாப் என்று தானே சொல்லிவிட்டார். பிரேக் தளர்ந்திருந்தால் சரி பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டு வாசலில் அந்த வண்டி படாத பாடு பட்டது. ராணுவ ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் லாரிகளைப் பார்த்து இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர் அல்லவா, கோளாறு என்றால் அவருக்கு வண்டியில்தான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றுவதும் டிரம்மைத் திறப்பதும் மறுபடி மாட்டுவதுமாக இருந்தார். பழைய சிநேகிதர் ஜெபமணியையும் கூப்பிட்டு இரண்டு பேரும் தலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, அப்பா சாமான் வாங்க நகர்ந்த நேரம் பார்த்து, மைனி, பிரேக்கு நல்லாத்தான் இருக்கு, ஒரு கொறையும் இல்ல, அண்ணனுக்குக் கண்ண ஒருக்கா காட்டுங்க என்று ஜெபமணி சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை பார்கவி, ஏனென்றால் எனக்கும் தெரியும். டியூப் லைட்டைச் சுற்றி வளையமாகத் தெரிகிறது, மட்டமான சரக்கு என்று சொல்லி ஒன்றுக்கு இரண்டாக மாற்றியாகிவிட்டது. பேப்பரில் மை சரியில்லை என்று பேப்பரையே மாற்றினார். வண்டிக் கண்ணாடியை எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருக்கிறார், அதில் அழுக்கே இல்லை. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் கல்லையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறார், நான் மறுபடி பொறுக்குகிறேன்.

நேற்றுத் திரும்பவும் பாஸிங்குக்குப் போனோம். ஜெபமணியும் வந்திருந்தார். நான் மாட்டின பிரேக்குண்ணே, நானே ஓட்டிக் காட்டுதேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, அப்பாவை அந்த இன்ஸ்பெக்டர் முன்னால் இன்னொரு தரம் தலைகுனிய விடக்கூடாது என்று நினைத்திருப்பார். நான் அதே மரத்தடியில் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்து, பாஸ் பண்ணிக் கொடுத்துவிடு சாமி என்று வேண்டியிருக்கிறேன், நேற்று மட்டும் இந்த வண்டி பாஸ் ஆகவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இப்படிக்கூட ஒருத்தி வேண்டுவாளா. இன்ஸ்பெக்டர் கை தூக்கினார், ஜெபமணி பிரேக்கை அமுக்கினார், வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பாஸாகிவிட்டது. அப்பா என்னைப் பார்த்து, பாத்தியா, நான் சொல்லலே பிரேக்குதான்னு என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். தேங்காயையும் உடைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். ஹாரிஸ் பாலத்தில் ஏறும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் எங்களுக்கு முன்னால் ஒழுங்காக ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். எதிர்வெயில். நான் கத்தின பிறகுதான் அப்பா வண்டியை ஒடித்தார். அவன் குறுக்க வந்து விழறான், நான் என்ன பண்றது என்று என்மேல் எரிந்து விழுந்தார். அந்த மனுஷன் எங்கேயும் குறுக்கே வரவில்லை. வீட்டுக்கு வந்து மெதுவாக, ஒரு நடை கண் டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா என்று கேட்டேன். முப்பது வருஷம் வண்டி பாத்தவனுக்கு நீ பாஸிங் போடறியா என்று கேட்டுவிட்டு வெளியே போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். விச்சுவிடம் சொன்னேன். அவன் ரஞ்சன்காவ் ஃபாக்டரி பஸ்ஸுக்கு விடியற்காலையில் போய் இருட்டினபிறகு வருகிறவன். நான் சொன்னா சண்டையிலதாம்மா முடியும், அக்காவைச் சொல்லச் சொல்லு என்கிறான். அவன் சொல்வதும் நிஜம்தான், நீ சொன்னால் அவர் தட்டமாட்டார்.

ஆனால் நேராகக் கேட்காதே. நான் எழுதினதாக ஒரு வார்த்தை வரக்கூடாது. நான் யோசித்து வைத்திருக்கிறேன், அப்படியே செய். உனக்குத் தலைவலி என்று கண் டாக்டரிடம் போனதாகச் சொல், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கண்ணில் கோளாறு உண்டா, அப்பாவுக்கு எப்படி என்று அந்த டாக்டர் கேட்டதாகச் சொல், அப்பாவின் ரிப்போர்ட் வந்தால்தான் உனக்கு மருந்து எழுதுவார் என்று சொல். தனக்கு என்றால் இந்த ஜென்மத்தில் போகமாட்டார், உனக்கு என்றால் மறுநாள் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். பொய்தான், இருக்கட்டும், பாவம் என்னைச் சேரட்டும். கண்ணில் புரைதான் என்றால் ஆபரேஷன் பண்ணிச் சரியாக்கிவிடலாம், இப்போதெல்லாம் பயமில்லை என்று சொல்கிறார்கள். அதுவரைக்கும் வண்டியை ஜெபமணி ஓட்டட்டும், அவர் சரி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அப்பாவிடம் அதை யார் சொல்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பதினாலாம் தேதி திங்கட்கிழமை ஸ்கூல் திறக்கிறது. வண்டி ஒரு வருஷம் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி அவரை நிறுத்த யாரும் இல்லை. கீழ்வீட்டு நீலாவின் பெண் அம்முவுக்கு இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஸ்கூல். அப்பா வண்டியில் ஒரு இடம் வேண்டும் என்று நீலா நேற்றுச் சாயங்காலம் வந்து கேட்டாள், மாமா ஓட்டறார்னா எனக்குக் கவலையே இல்லைம்மா என்றாள். நான் இடமில்லை, வேறே வண்டி பார்த்துக்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி சோற்றில் கை வைத்தால் உள்ளே இறங்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் மட்டும் எனக்கு என்ன பாவம் செய்தார்கள், பார்கவி.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், என் ஆயுளில் பாதி உங்களுக்கு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய், அப்பாதான் எடுப்பார், என்னைக் கூப்பிடச் சொல்லாதே. அவரிடமே பேசு. நீ பேசியும் அவர் கேட்காவிட்டால் ஸ்கூல் திறக்கிற திங்கட்கிழமை காலையில் நான் போய் வண்டிக்கு முன்னால் நிற்பேன். பக்கத்தில் வந்தால் என்னையாவது அவருக்குத் தெரியுமா என்று பார்க்கிறேன்.

உன் அன்பு அம்மா,
மல்லிகா பக்தவத்சலம்