பீரோவில் இருந்த சான்றிதழ்

வெள்ளானூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

தினகரன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஐதராபாத்தில் நீயும் ரேகா அக்காவும் சகலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நீ கேட்ட கல்யாணச் சான்றிதழ் இந்த உறையில் இருக்கிறது. புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் அடித்துச் சொன்னார். வியாழக்கிழமை அங்கே நடக்கிற விசா இன்டர்வியூவுக்கு அது போதும். கூடவே நாலு போட்டோ. ஆவடி ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எடுத்ததில் மட்டும்தான் நாம் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறோம். அதை மேலே வை.

சான்றிதழ் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய். வெள்ளிக்கிழமை நீ கேட்ட அன்றைக்கே பீரோவில் உன் பட்டுப்புடவைக்கு அடியில் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன். அதை எடுத்துவரச் சொன்ன வினோத் சாருக்கு என்ன பதில் சொல்வேன் என்று நீ போனில் அழுதாய். அந்தப் பெயரைக் கேட்டதும், இன்னும் இரண்டு நாள் கிடைக்காமலே இருக்கட்டும் என்று தோன்றியது.

அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமைதான். வேலப்பன்சாவடியில் விசா இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், அவ்வளவுதானே? ஆறு வருஷமாக நான் சொல்லி நீ ஒரு பழக்கத்தை விட்டதில்லை. அவர் ஒரு தடவை சொன்னதும், பேசும்போது கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டாய். எனக்குப் பிடித்ததே நீ கையை ஆட்டிப் பேசுவதுதான்.

உன்மேலும் பொறாமை. ஒளித்து என்ன ஆகப்போகிறது? பன்னிரண்டு வருஷமாக எனக்கு அம்பத்தூரில் அதே கம்பெனி, அதே மெஷின். நீ காலேஜ் லேபில் வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாய். கம்பெனியில் லோகேஷ், "இன்னா அண்ணாத்தே, அண்ணி அமெரிக்கா போவுதாமே, நீ ஊட்டைப் பாத்துகினு இங்கயே கெடக்கப் போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீ கிளம்புகிற வரைக்கும் தினமும் என்னை ஆபீசராக உட்கார வைத்துப் பழகினாய். வினோத் எழுதிக் கொடுத்த கேள்விகளை எழுத்துக்கூட்டிக் கேட்பேன். படிப்பு முடிந்ததும் ஏன் ஊருக்குத் திரும்புவாய் என்பது ஏழாவது கேள்வி. என் கணவர் இங்கே இருக்கிறார், அவருக்காக நிச்சயம் திரும்பி வருவேன் என்று இங்கிலீஷில் தடுமாறாமல் சொல்வாய். சில நாள் வேண்டுமென்றே அதை இரண்டாம் தடவை கேட்டேன். உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நீ இன்னும் தெளிவாகச் சொன்னாய். விசா கிடையாது என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பேன், நீ சிரிப்பாய். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

இன்று காலை அம்மா ஏதோ எடுக்கப் பீரோவைத் திறந்தபோது சான்றிதழ் அவள் கையில் சிக்கிவிட்டது. "இன்னாடா இது, அந்தப் பொண்ணு அங்க அழுதுகினு கீது, நீ இங்க ஒளிச்சி வச்சிகினு கீறியா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் எனக்கு டீ தரவில்லை. அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நானாக அனுப்பியிருப்பேனா என்று யோசித்தேன். தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். கோபம் வந்தால் வெள்ளிக்கிழமை திட்டு. இன்டர்வியூ முடிகிற வரைக்கும் மனசில் வைத்துக்கொள்ளாதே.

அம்மன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது பாதி மனசோடுதான். மீதிப் பாதி எப்படியும் வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

உனக்கு நல்லதே நடக்கட்டும். ஏழாவது கேள்வி வந்தால் பழகியபடியே பதில் சொல். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெளியே வந்ததும் எனக்குப் போன் செய். அதே கேள்வியை நான் தமிழில் கேட்பேன். எனக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடாதே. கொஞ்சம் யோசித்துச் சொல்.

உன்
தினகரன்