பந்தலின் மாடி

என் அம்மாவுக்கு,

நீங்கள் ஃபேக்டரியிலிருந்து வரும்போது நான் பந்தலில் இருப்பேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நாளை திருவிழா ரதம் பார்க்க, டத்தோ கிராமாட் சாலையில் நான் வடிவமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு நம் ஃப்ளாட் ஆட்கள் எல்லோரையும் அழைத்திருக்கிறீர்கள். அங்கே முன்பு இருந்து, இடிக்கப்பட்ட மாடி வீட்டைப் போலவே மூங்கிலில் கட்டியிருக்கிறோம். ஆனால் மாடி பார்வைக்கு மட்டும்தான். ஆள் நின்றால் தாங்காது.

இன்று மதியம், அந்த வீட்டில் குடியிருந்த தங்கராசு மாமா ஏணி வைத்து நாற்காலிகளை மேலே ஏற்றிவிட்டார்.

“மாமா, இறங்குங்க. இது வெறும் மூங்கில்.”

“சின்னப் புள்ளையிலேருந்து இந்த மாடியிலதான் ரதம் பாக்குறேன்லா. உங்கம்மாவுக்கும் ஒரு நாக்காலி போட்டாச்சு.”

அவர் காலடியில் மூங்கில் முனகியது. அவருக்குக் கேட்கவில்லை. அவர் பழைய வீட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மாமா இறங்கிப் போனதும் பந்தல் தலைவரிடம் சொன்னேன். “ஏணிய எடுத்துட்டா போச்சு,” என்று சிரித்தார். மாமா வீட்டில் வேறு ஏணி இருக்காதா அம்மா?

மேளச் சத்தம் கேட்டதும் எத்தனை பேர் ஏறுவார்களோ! யாரையும் கேட்காமல் மாடியைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். ஆட்கள் கயிற்றை அறுக்கிறார்கள். தலைவருக்கு இன்னும் தெரியாது. என் வேலை போகலாம்.

நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மாடி நாளை இருக்காது. எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டுங்கள் அம்மா. தரையில் நின்று திட்டுங்கள்.

உங்கள் மகள்