ஞாயிறு பதினோரு மணி ஃபோனுக்காக மெஷினை நிறுத்தியது பற்றி

அன்புள்ள அரை டிக்கெட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். முப்பத்துநாலு வயதானவளை இன்னும் அரை டிக்கெட் என்கிறாரே என்று முகம் சுளிக்காதே, பஸ் டிப்போவில் உனக்கு வைத்த பேரை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேலைக்குப் போய் வந்துகொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். அதை எழுதிவிட்டால் மீதிக் கடிதத்துக்கு அவசியமே இருக்காது, அதனால் பாதி மட்டும் எழுதுகிறேன். உன் அம்மா நலம். முழங்கால் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஃபோன் இருக்கும்போது பேப்பரும் பேனாவும் எதற்கு என்று கேட்பாய். மேசை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காகப் போய் வருகிறது. அப்படி உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடிய வேலை எழுதுவது ஒன்றுதான். நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், கையெழுத்து அங்கங்கே இழுத்துக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை உன் அம்மா இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அப்பாவுக்கு எம்மேல கோபம் இன்னும் போகலம்மா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ம், சரி, அம்மாகிட்ட குடுக்கறேன், இதைத் தவிர வேற பேச்சே கிடையாது. இனிமே அவரைக் கூப்பிட்டு ஃபோனைக் கையில திணிக்காதே, அவராவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாயாமே. உன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். கோபமா, உன் மேலா? அடிப் பைத்தியமே, கோபப்படுவதற்கு வேண்டிய மூச்சுகூட என்னிடம் இல்லை, அதுதான் விஷயம். நீ அங்கேயே வேலையை நீட்டித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நான் 'உன் இஷ்டம்' என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன் அல்லவா, அதற்குப் பின்னால் இன்னும் நிறைய இருந்தது. உன் இஷ்டம் எதுவோ அதுதான் எனக்கும் இஷ்டம், நீ நன்றாக இருந்தால் போதும், இங்கே எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்ல வந்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. நீ அந்த இரண்டு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே தனியாகக் கஷ்டப்பட்டிருக்கிறாய். எனக்கு இது தெரியாமலே போயிற்று.

அப்பாவுக்கு இருமல் என்று உனக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். அது வெறும் இருமல் இல்லை. நுரையீரல் தளர்ந்துபோய்விட்டது, இனி பழையபடி ஆகாது, இருக்கிறதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கண்டக்டராக இருந்தவன் என்று தெரிந்ததும் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். "உள்ள இருக்கற காத்து முழுசா வெளிய போக மாட்டேங்குது ஐயா. இறங்கறவங்க இறங்கினாதானே ஏறறவங்க ஏற முடியும்?" என்றார். முப்பத்தோரு வருஷம் இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள் என்று கத்தினவனிடம் வந்து இதைச் சொல்கிறார் பார். கடைசி சீட்டில் தூங்குகிறவனை அடுத்த ஸ்டாப் பேரைச் சொல்லி எழுப்பின தொண்டை, இப்போது மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நின்று நின்று போகிறது. அதுகூடப் பரவாயில்லை. மற்ற வேலைகளைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள். முகச்சவரம் இரண்டு தவணை, காலையில் வலது கன்னம், டீ குடித்துவிட்டு இடது கன்னம். குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்து. தலை துவட்டக் கையைத் தூக்கினால் போதும், மாடி ஏறினவன் மாதிரி மூச்சு வாங்குகிறது. குனிந்து ஷூ லேஸ் கட்டுவதை விட்டு எட்டு மாதம் ஆகிறது. சாப்பிடும்போது மெல்லுவதா மூச்சு விடுவதா என்று ஒவ்வொரு வாய்க்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது, பாதித் தட்டிலேயே களைத்துப்போய் எழுந்துவிடுகிறேன், அதனால்தான் சட்டை தொளதொளவென்று தெரிகிறது. அப்பா டயட்டில் இருக்கிறார் என்று அம்மா உன்னிடம் சொன்னது அண்டப்புளுகு. இரண்டு மாடி இறங்கி ஏற முடியவில்லை என்று மாடிப்படித் திருப்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது மூன்று ஸ்டாப்பிலும் நின்றுதான் வண்டி வீடு வந்து சேருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். அவர்கள் அப்படி ஒதுங்கும்போது எனக்கு மனசு குறுகிப்போகிறது.

இனிமேல்தான் நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒன்றேகால் வருஷமாக வீட்டில் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் இருக்கிறது. சின்ன அலமாரி உயரம், கூடத்து மூலையில் சக்கரத்தில் நிற்கிறது, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய் என் மூக்கு வரைக்கும். தூங்கும் நேரம் முழுக்கவும், பகலில் முக்கால்வாசி நேரமும் மாட்டியே இருக்க வேண்டும். உன் அம்மா அதற்கு வீட்டோட மாப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறாள். மூலையை விட்டு நகராமல், கரண்ட்டைத் தின்றுகொண்டு, நாள் முழுக்க உறுமிக்கொண்டு இருக்கிறதாம். "உங்க பொண்ணு கொண்டுவராத மாப்பிள்ளையை நீங்க கொண்டுவந்துட்டீங்க" என்று ஒரு குத்து வேறு, அது எனக்கா உனக்கா என்று நீயே முடிவு செய்துகொள். அடுப்புப் பக்கம் குழாயோடு போகக்கூடாது, தீப்பிடித்துவிடும். சமையலறை வாசலில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறாள், அதைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. வாசலில் நின்றே பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினவன், இப்போது ஃபுட்போர்டு பிரயாணி.

இந்த மெஷினை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். யோசனை என்னுடையது, அம்மாவைத் திட்டாதே. ஞாயிறு பதினோரு மணிக்கு நீ வீடியோவில் கூப்பிடுவாய் என்று பத்தரைக்கே மெஷினை நிறுத்திவிடுவோம், சத்தம் உனக்குக் கேட்டுவிடும் இல்லையா. குழாயைக் கழற்றினாலும் கன்னத்தில் இரண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கும், அம்மா ஈரத்துணியால் தேய்த்து விடுவாள். பிறகு மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள், நான் சட்டை மாற்றிக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து உட்காருவேன், முன்னால் சாய்ந்தால் உனக்குச் சந்தேகம் வருமே. வாரம் முழுக்க எனக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பேச்சு வேண்டும், அந்த ஒரு மணி நேரத்தில்தான் வேலை மெனக்கெட்டு மூச்சை நிறுத்திவைத்திருக்கிறோம். இத்தனை நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் இது உறைக்கவே இல்லை என்றால் நம்புவாயா? உனக்கு மெஷின் தெரியக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்துவிட்டோம்.

உறைக்க வைத்தது மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற நர்ஸம்மா. விரலில் ஒரு கிளிப் மாட்டினால் உடம்பில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று எண் காட்டும், அதை அம்மா ஒரு நோட்டில் எழுதிவைக்கிறாள். அம்மா என்னிடம் நீ சொன்னதைச் சொன்னதற்கு மறுநாள், புதன்கிழமை, நர்ஸம்மா அந்த நோட்டைப் புரட்டினார். மற்ற நாளெல்லாம் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, ஞாயிறு வந்தால் மட்டும் எண்பத்துமூன்று. "ஞாயித்துக்கிழமையானா என்னம்மா பண்றீங்க, மலை ஏறறீங்களா?" என்று கேட்டார். உன் அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "பொண்ணு ஃபோன் பண்ணுவா" என்றாள். விஷயத்தைக் கேட்டு முடித்த நர்ஸம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது! பொண்ணு பயப்படக்கூடாதுன்னு நீங்க மூச்சை நிறுத்துவீங்க, மூச்சு இல்லாம நீங்க பேச மாட்டீங்க, அவ அங்க அப்பாவுக்குக் கோபம்னு அழுவா. நல்லா இருக்குய்யா உங்க குடும்பம்" என்றார். அம்மா அழுதாள். நானும்தான் அழுதேன், அழுகைக்குக்கூட மூச்சு பத்தாமல் இருமலாக வந்தது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ பயந்துபோய் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பாதிதான். உனக்கு ஒன்பது வயதில், கிழிந்த டிக்கெட் ஒன்றின் பின்பக்கத்தில் 'அப்பா குடிக்காதே' என்று பென்சிலால் எழுதி என் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் பாக்கெட்டைத் திறந்தேன், படித்தேன், ஓட்டுநரிடம் காட்டினேன், இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் குடித்தேன். டிப்போ புகையும் காரணம் என்று டாக்டர் சொன்னார், நல்ல மனுஷர், என் மனசு நோகாமல் இருக்கச் சொன்னார். மூக்கில் குழாயோடு உன் முன்னால் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பவே சொன்னேனே அப்பா என்று நீ ஒரு வார்த்தை கேட்டுவிடுவாயோ என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மனசைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், நர்ஸம்மா மறைக்காதீர்கள் என்றிருக்கிறார். சில நாள் எழுந்திருக்கவே அலுப்பாக இருக்கிறது. உடம்பு அலுப்பு ஒரு பக்கம், எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்கிற அலுப்பு ஒரு பக்கம். போன மாதம் ஒரு வாரம் இரண்டு கன்னத்தையுமே சவரம் செய்யாமல் கிடந்தேன். பார்க்க வந்த என் பழைய ஓட்டுநரைத் தூங்குகிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னேன், அந்த மனுஷன் படிக்கட்டு நாற்காலியிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். டீயில் சர்க்கரை அதிகம் என்று உன் அம்மாவிடம் டம்ளரை வீசினேன். அவள் துடைத்துவிட்டு வேறு டீ கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. மூச்சு முட்டும்போது பயம் வருகிறது, பயம் வந்தால் மூச்சு இன்னும் முட்டுகிறது, அந்த நேரத்தில் எதிரில் இருக்கிறவர்கள் மேல்தான் எரிச்சல் வருகிறது. சூடான பாலை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செய்கிறேன், பாதி நாள் கேட்கிறது, பாதி நாள் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத மாட்டேன், உனக்கு ஏற்கெனவே போதுமான பொய் சொல்லியாகிவிட்டது. நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். லீவு கிடைக்கும்போது வா, வந்தால் படிக்கட்டு நாற்காலியில் என்னோடு உட்காரு, போதும்.

கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு. மெஷின் கூடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கிளம்பாத பஸ் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், பயப்படாதே, அதுதான் மாப்பிள்ளை. நான் மூன்று வார்த்தை பேசுவேன், நிறுத்துவேன், மறுபடி மூன்று வார்த்தை. நடுவில் சத்தம் இல்லாவிட்டால் ஹலோ ஹலோ என்று கத்தாதே. பேச முடியாதபோது ஃபோனின் முதுகில் விரலால் தட்டுகிறேன். ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கணும், இரண்டு தட்டினால் போகலாம், லீவு நாளில் என்னோடு வண்டியில் வந்த உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ பேசிக்கொண்டே இரு, நான் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே இருப்பேன், ஒரு தட்டு தட்டுகிற உத்தேசம் எனக்கு இல்லை. அப்பவே சொன்னேனே என்று கேட்க வேண்டுமானால் அதையும் கேட்டுவிடு, இருபத்தைந்து வருஷம் பொறுத்திருக்கிறாய், அதற்கும் இரண்டுதான் தட்டுவேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, யார் மேலாவது வருத்தம் இருந்தால் என்னை மாதிரி மென்று முழுங்காமல் வாய்விட்டுக் கேட்டுவிடு. ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது நல்ல மூச்சோடு இருக்க வேண்டும் நீ. அம்மா பக்கத்தில் நின்று தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மாவிடம் பேசி முடித்ததும் ஃபோனை வைத்துவிடாதே. அப்பா எங்கே என்று கேள்.

இங்கேதான் இருக்கிற,
உன் அப்பா