ஆடிச் சீரோடு வந்த விடுதலைப் பத்திரம்

21 ஜூலை 2025, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு நாலு வருஷம். ஆபீஸில் யாருக்கும் நினைவில்லை, நானும் சொல்லவில்லை.

திருச்செங்கோட்டில் ஒரு செருப்புக் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, போலந்திலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்களுக்கு யோசனை சொல்கிறேன். வேலை எப்படித் தேடுவது, பேங்கில் கணக்கு எப்படித் தொடங்குவது, வீட்டில் போலிஷ் பேச மறுக்கிற பிள்ளையை என்ன செய்வது. கடிதங்கள் கம்ப்யூட்டர் பெயர்த்த இங்கிலீஷில் வரும். நான் இங்கிலீஷில் பதில் எழுதுவேன். சிகாகோவில் ஹலினா என்கிற அம்மா அதைத் திருத்தி, போலிஷில் போட்டு அனுப்பிவிடுவார். போலந்தும் பார்த்ததில்லை, அமெரிக்காவும் பார்த்ததில்லை. பிறந்த ஊர் எடப்பாடிக்கு அந்தப் பக்கம் போனதே எண்ணிச் சொல்லிவிடலாம்.

இன்று பதினேழு கடிதம். பத்துக்கு ஒரே பதில்: படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

24 ஜூலை, வியாழன்

மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

29 ஜூலை, செவ்வாய்

போஜெனா என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். சிகாகோவில் வீடுகளைச் சுத்தம் செய்கிற வேலை. ஊரில் அப்பா இறந்துவிட்டார். நிலத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. தனக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன் பேப்பர் அனுப்பியிருக்கிறான். கடைசியில் ஒரு கேள்வி: ‘போடாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு நான் அந்த வீட்டுக்குப் போக முடியுமா?’

வக்கீலிடம் காட்டு, அவசரப்படாதே, நகல் வாங்கு என்று எழுதினேன். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

30 ஜூலை, புதன்

ஹலினா திருப்பி அனுப்பிவிட்டார். கடைசிக் கேள்விக்குப் பதில் எங்கே என்கிறார். அரை மணி நேரம் யோசித்து, ‘அது எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதினேன். அதை அப்படியே அனுப்பிவிட்டார். இந்த நாலு வருஷத்தில் அவர் ஒரு எழுத்துகூட மாற்றாத பதில் அது ஒன்றுதான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

எடப்பாடியிலிருந்து தீனதயாளன் அண்ணனும் நங்கையாவும் (அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சீர் கொண்டுவந்தார்கள். அப்பா போன பிறகு வருகிற முதல் ஆடி. வருவார்களா என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். தட்டில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, மாம்பழ நிறத்தில் ஒரு சேலை. இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அண்ணன் சொன்னான். தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட பேங்கில் கடன் கேட்டிருக்கிறானாம். பத்திரம் ஒரே பெயரில் இருந்தால்தான் தருவார்களாம். அம்மாவும் நானும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள், “தட்டு வாங்கிட்டயல்ல அம்மிணி, அப்பறம் என்ன?” என்று சிரித்தான்.

அது ஆடிச் சீர்த் தட்டு என்றல்லவா வாங்கினேன்! பங்கை விடுகிற தங்கைக்குச் சேலை வைத்துக் கொடுக்கிற வழக்கம் எனக்குத் தெரியாததா? சின்னத்தைக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுத்தவள் எங்கள் சாதிசனத்தில் யாராவது உண்டா? அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. சேலை நல்ல சேலை.

4 ஆகஸ்ட், திங்கள்

வீட்டுக்காரர் குணசீலன் காதில் போட்டேன். போர் போடுகிற ரிக் லாரிக்கு வெல்டிங் வைக்கிறவருக்கு எல்லாமே ஒட்டும், இல்லையென்றால் ஒட்டாது. “உங்கூட்டுச் சமாச்சாரம், நான் வாய் வெக்கல” என்றுவிட்டுத் தட்டை நகர்த்திக்கொண்டார். வாய் வைத்தது சோற்றில் மட்டும்தான்.

7 ஆகஸ்ட், வியாழன்

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், நிலத்தை அல்ல. பங்கு கேட்டால் பொறந்த ஊட்டுக் கதவு சாத்திவிடும். மகள் கிருத்திகாவுக்குப் பன்னிரண்டு வயசு, நாளைக்கு மாமன் சீருக்கு யார் நிற்பார்கள்? அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறாள், பார்க்க வேண்டுமென்றால் யாரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போவேன்? கேட்காவிட்டால் ஒன்றும் ஆகாது. இதுவரைக்கும் என்ன ஆகிவிட்டது?

அண்ணன் கெட்டவன் இல்லை. மரவள்ளி காய்ந்துகொண்டிருக்கிறது. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நகல் கேட்டேன்! போனில்தான். பத்திரத்தை வாட்ஸ்அப்பில் ஒருதரம் போடுண்ணா, படிச்சுப் பாக்கறேன் என்றேன். “என்னைய நம்ப மாட்டயா அம்மிணி? தோட்டம் மட்டுந்தான், வேற என்ன இருக்குது” என்றான்.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

13 ஆகஸ்ட், புதன்

பதினான்கு கடிதம். ஒன்பது பேருக்கு நகல் வாங்கச் சொன்னேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. ஆடியில் பதிவு ஆகாது என்று தள்ளி வைத்திருந்தார்கள், இனி சாக்கு இல்லை. வருகிற புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம், அண்ணன் சொல்கிறான். அம்மாவிடம் பேசினேன். உனக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, மாட்டுக்குத் தவிடு வாங்க வேண்டும் என்றாள்.

20 ஆகஸ்ட், புதன்

வந்ததும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

பத்திரம் எழுதுகிறவர் கடை பதிவு ஆபீஸுக்கு எதிரிலேயே. நாலு பக்கம். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. நான்! படிக்கவில்லை! பக்கத்தில் அண்ணன் நிற்கிறான், நங்கையா இளநீர் வாங்கிக் கொடுக்கிறாள், எப்படிப் படிப்பது? என்ன பண்ணித் தொலைச்சேன்... அம்மா மட்டும் ரேகை வைக்கவில்லை. ஆபீசர் முன்னால் வைக்கிறேன் என்றாள். வயசானவர்கள் பிடிவாதம் என்று எழுத்தர் விட்டுவிட்டார்.

உள்ளே சார்பதிவாளர் சின்ன வயசுப் பெண். முதலில் என்னைக் கேட்டார், சம்மதம் என்றேன். பிறகு அம்மாவைப் பார்த்து, படிச்சுக் காட்டினாங்களா, சம்மதமா என்று கேட்டார். ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கேட்கிற கேள்வி அது. பதிலுக்குக்கூட அவர் நிமிரவில்லை.

“இல்லீங்க சாமி. எனக்கு ஆரும் படிச்சுக் காட்டலீங்க” என்றாள் அம்மா.

எங்கள் அம்மா சென்னியம்மாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஊரில் நாலு பேர் கூடினால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறவள். என் பக்கம் கையை நீட்டி, எம் புள்ள படிச்சவ, அவ படிக்கட்டும், நான் கேக்கறேன் என்றாள்.

படித்தேன். பின்னால் ஒரு கூட்டமே காத்திருந்தது. யாரோ அலுத்துக்கொண்டார்கள். மூன்றாம் பக்கத்தில் சொத்து விவரம் வந்தது: தோட்டம் மூன்று ஏக்கர், கிணறு, பிறகு ஓட்டு வீடும் காலி இடமும், நான்கு எல்லையும் போட்டு. அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். கீழே என் கையெழுத்து இருந்தது.

“ஊடும் போட்டிருக்குதா?” என்றாள் அம்மா.

எழுத்தர் சேர்த்து எழுதிட்டாருங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க என்றாள் நங்கையா. இருக்கலாம். யாரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் எழுத மாட்டேன். அம்மா மடியில் இருந்த வெற்றிலைப் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள், எனக்குச் சம்மதமில்லீங்க என்று அந்தப் பெண்ணைக் கும்பிட்டாள். பத்திரத்தைப் பதிவு செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன், நங்கையா, அம்மா மூன்று பேரும் ஒரே காரில்தான் எடப்பாடி திரும்பினார்கள். நான் பஸ் ஏறினேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

லீவு.

25 ஆகஸ்ட், திங்கள்

அண்ணன் வேறு பத்திரம் அனுப்பியிருக்கிறான். இந்தத் தடவை கேட்காமலே வாட்ஸ்அப்பில். வீடு இல்லை, தோட்டம் மட்டும். இரண்டு தடவை படித்தேன்.

மத்தியானம் ஆபீஸ் படியில் நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டேன். கடனுக்கு நானும் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன், போர் போடு, தண்ணீர் உனக்கு, வெள்ளாமையும் உனக்கு, ஆனால் பங்கை விடமாட்டேன் என்றேன். “செரி” என்று வைத்துவிட்டான். அந்தச் ‘செரி’க்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

27 ஆகஸ்ட், புதன்

அர்த்தம் தெரிந்துவிட்டது. பிள்ளையார் சதுர்த்திக்கு நங்கையா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மணி போகவில்லை. குடும்ப குரூப்பிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். மாமா ஏன் கொழுக்கட்டை போட்டோ போடவில்லை என்று கிருத்திகா கேட்டாள். அழுதேன். எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

அம்மா பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசினாள். அண்ணன் அவளிடமும் பேசுவதில்லையாம். சோறு மட்டும் நங்கையா வைத்துவிடுகிறாளாம். ஏன் இன்னும் வரவில்லை என்றாள். எப்படி வருவேன், அங்கே யாரிடம் கேட்டுவிட்டு வருவேன் என்றேன்.

அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“எம் ஊட்டுக்கு எம் புள்ள வாரதுக்கு ஆரைக் கேக்கோணும் சாமி?”

ஞாயிற்றுக்கிழமை ஏழரை பஸ்ஸுக்குப் போகிறேன். கிருத்திகாவும் வருகிறாள்.