யூலாலியா கடைக் களி

ஜிராபா,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

என் சின்ன அகப்பையே,

இங்கே நான் இருக்கிறேன், அடுப்பு எரிகிறது, கறுப்பு ஆடு குட்டி போட்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. பதில் வராத கேள்வியைக் கேட்டு என்ன பயன். குமாசியில் நீ வேலைக்கு இருந்த காலத்தில், சாமி, சாவு, கல்யாணமெல்லாம் எழுதாதே அக்கா, எவள் கடையில் என்ன தின்றாய் என்று மட்டும் எழுது என்பாய். அதையே இப்போதும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் வரும். நீ அதைக் கிண்டல் செய்துகொண்டே படித்துப் பழகியவள்.

உன்னை அடக்கம் செய்த அன்று மரக்கட்டை வாத்தியம் வாசித்த கிழவன், டொமிட்டில்லா எல்லார் சட்டியிலும் கைவிட்டவள், இனி எந்தச் சட்டிக்குக் காத்திருப்பாள் என்று பாடினான். எல்லாரும் அழுகையோடு சிரித்தார்கள். அன்று சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து எனக்கு ருசி தெரியவில்லை. உப்பும் ஒன்று, சர்க்கரையும் ஒன்று. துக்கம்தான், போய்விடும் என்று இருந்தேன். உன் கழுத்தை இறுக்கின காய்ச்சலைக் கொண்டுவந்த புழுதிக் காற்று நின்று, மழை வந்து, சோளம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தும் நாக்கு திரும்பவில்லை.

சோளக் கள் விற்கிற நம் பிட்டோ வீட்டை மூடவில்லை. சோளத்தை முளைகட்டி, அரைத்து, காய்ச்சி, பழைய புளிப்பு ஊறிக் காய்ந்த, நீ பின்னின நார்க்கயிற்றையே போட்டுப் புளிக்க வைக்கிறேன். கைக்குப் பழகின வேலை. ஆனால் போதும், இறக்கு என்று சொல்வது நாக்குதானே. நான் காய்ச்சுவேன், நீ சொல்வாய். இப்போது காய்ச்சுவதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.

ஒரு சந்தை நாள். பாயுவோ அண்ணனுக்குக் குடுவை நிரப்பினேன். லாரி ஓட்டி ஓய்ந்தபின் நம் வேம்படிப் பெஞ்சையே வீடாக்கிக்கொண்ட அதே பாயுவோ அண்ணன்தான். வழக்கப்படி நான் முதல் வாய் குடித்து, நல்லா இருக்குண்ணே என்று நீட்டினேன். அவர் ஒரு வாய் வைத்து அப்படியே துப்பினார். காடியாகிப் போயிருக்கிறது.

"ஏம்மா வலேரியா, காடியைக் குடிச்சுட்டு முகம் மாறாம நீட்டுறியே, எங்களைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?" என்றார். குடுவையைத் தரையில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்.

காய்ச்சினவள் முதல் வாய் குடிப்பது எதற்கு? இதில் கெடுதல் இல்லை, நானே சாட்சி என்று சொல்வதற்கு. அந்தச் சாட்சியே பொய் என்றால் எவன் வருவான். மறு சந்தைக்கு எல்லாரும் எதிர்வரிசையில் பிட்டோ விற்கிற பெர்பெத்துவா வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாக்கு செத்துப்போச்சு என்று போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால் ஒரேயடியாக வரமாட்டார்கள். நாக்கு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நாம் இருவரும் சேர்ந்து மூட்டின அந்த அடுப்பை அணைக்க வேண்டும். அதனால் நீ புகழ்ந்த கடைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்த் தின்று பார்ப்பது என்று கிளம்பினேன்.

முதலில் லாரி நிலையத்தில் ஹாஜியா மெமுனாவின் வாச்சே. சோறு உதிரியாக, நல்ல சிவப்பு. காராமணி குழையவில்லை. இலையில் மடிக்கிற கை மட்டும் முன்னைப் போலத் தாராளமில்லை. ருசி என்ன என்று கேட்காதே. ஹாஜியா உன்னைப் பற்றித்தான் பேசினாள். "உன் தங்கச்சி என்னைக்கு வரிசையில நின்னா? முன்னாடி நிக்கிறவன்கிட்ட, தம்பி உன் குழந்தை அழுவுது ஓடுன்னுவா. அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. ஆனாலும் ஓடுவான்." அவள் சிரித்தாள். நான் இலையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூட வாசலில் புளிச்சைப்பூ சாறு குடித்தேன். சிவப்பாக இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். பக்கத்திலேயே காராமணி வடை போடுகிறவள் பழைய எண்ணெயிலேயே இன்னும் போடுகிறாள். அது மூக்குக்கே தெரிந்தது.

புதிதாக ஒரு ஹோட்டல் வந்திருக்கிறது, நீ பார்த்ததில்லை. உள்ளே காற்றாடி, மேசைக்கு மேசை துணி. கை கழுவக் கிண்ணம் கேட்டேன், அந்தப் பெண் முள்கரண்டி கொண்டுவந்தாள். தட்டு பெரிசு, கோழி மெலிசு. தண்ணீர் நல்ல குளிர்ச்சி. நீ இருந்திருந்தால் அந்தப் பெண்ணை அழவைத்திருப்பாய், பிறகு அவளுக்கு மாப்பிள்ளையும் பார்த்திருப்பாய்.

சாயங்காலம் இசாகு சுடுகிற கினிக்கோழி. அதில்தான் எனக்கு நம்பிக்கை. மிளகாய்த் தூளை அள்ளிப் பூசினான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது, நாக்கில் மட்டும் ஒன்றுமில்லை. "காரம் ஜாஸ்தியாயிடுச்சாக்கா?" என்றான். ஆமாம் என்றேன். வேறு ஒரு துண்டு எடுத்து, தூளைத் தட்டிவிட்டுக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

கடைசியாகத்தான் யூலாலியா கடைக்குப் போனேன். வேறு வழியில்லாமல். அந்தக் கடையை வைத்து நாம் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். அவள் களியை ஆட்டுக்குக்கூட வைக்கமாட்டேன் என்பேன். ஜிராபாவிலேயே இதுதான் களி என்பாய் நீ. நான் அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும்போது, அங்கே தின்றுவிட்டு வந்து என் முகத்துக்கு நேரே ஏப்பம் விடுவாய்.

உட்கார்ந்தேன். முதல் கவளத்தில் கீரையிலிருந்த மண் நறநறவென்றது. இரண்டாவதில் அடிபிடித்த வாடை தொண்டை வரை இறங்கியது. குழம்பை வழித்து வாயில் வைத்தேன், என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"யூலாலியா, அடிபுடிச்சதைக்கூடச் சுரண்டி வைக்கிறியே, வெக்கமில்ல? இது குழம்பா, உப்பு மூட்டையா?"

அவள் அகப்பையோடு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஆரம்பிச்சுட்டா மகராசி. இத்தனை நாளா கடை நிம்மதியா இருந்துச்சு. உன் தங்கச்சி மட்டும் இப்ப இருந்திருந்தா..." என்றவள் நிறுத்திவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்பு. எனக்கு உப்பு தெரிகிறது.

தட்டை இழுத்து வைத்துக்கொண்டு முழுவதும் தின்றேன். இன்னொரு உருண்டை கேட்டேன். "நல்லா இல்லேன்னியே?" என்றாள். "நல்லா இல்லதான். நீ போடு," என்றேன். அவள் போட்டுவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தாள். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உன் தங்கச்சியும் இப்படித்தான் தட்டை வழிச்சுத் தின்பா. ஆனா போகும்போது, உப்பைக் கொஞ்சம் குறைடி யூலாலியான்னு காதோட சொல்லிட்டுப் போவா. தினமும் சொல்லுவா. நானும் தினமும் சரின்னுவேன்."

குறைக்கவே இல்லை அவள்.

வீட்டுக்கு வந்து புதிதாகச் சோளம் ஊறப்போட்டேன். நேற்று இறக்கிப் பார்த்தேன். இனிப்பு இன்னும் விலகவில்லை. குடுவையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி, பெர்பெத்துவா வீட்டுப் பெஞ்சிலிருந்த பாயுவோ அண்ணன் முன்னால் நின்றேன். அவர் பார்க்கக் குடித்தேன். "இது இன்னும் ஆகலண்ணே. இனிப்பு நிக்குது. இன்னிக்கு விக்க மாட்டேன்," என்றேன்.

"விக்காத சரக்கைக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெர்பெத்துவா மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் குடுவையை வாங்கி ஒரு வாய் குடித்தார். யோசித்தார். "ஆமா, இனிப்புதான்," என்று திருப்பிக் கொடுத்தார்.

இன்று பூசை முடிந்ததும் வந்தார். கூட இரண்டு பேர். பெஞ்சைக் கையால் தட்டித் தூசி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். உனக்கென்று தரையில் கொஞ்சம் ஊற்றினேன். மண் உடனே இழுத்துக்கொண்டது. நீயும் அப்படித்தான், காத்திருக்க மாட்டாய். பிறகு முதல் வாய் நான் குடித்தேன். சரியான புளிப்பு, அடியில் ஒரு துளி கசப்பு, நீ கேட்கிற மாதிரியே. அவர் கையில் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்து முடித்தார். காலிக் குடுவையைத் திரும்ப நீட்டினார்.

அதனால் வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அடுப்பு எரியும். உன் நார்க்கயிற்றைத் தினமும் நிழலில்தான் காயவைக்கிறேன். அங்கே நமக்கு முன்னால் போனவர்கள் உனக்கு வரிசையில் இடம் விடட்டும். முதல் அகப்பை உனக்கே விழட்டும். யார் சமைத்தாலும் அடிபிடிக்காமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
வலேரியா

கேட்க மாட்டேன் என்று மேலே எழுதினேன். ஒன்றே ஒன்று. யூலாலியா கடைக் களி உனக்கு நிஜமாகவே பிடித்திருந்ததா, இல்லை, நான் கத்துவதைக் கேட்பதற்காகத்தான் அத்தனை வருஷமும் தின்றாயா?